பெரிய ஆச்சி இன்னைக்கு வீட்டுக்கு வாராக

வாட்ஸ்அப் குழு: கீழத்தெரு துணை, திருநெல்வேலி டவுன்

புதன், காலை 10:12

செண்பகம் மைனி: ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில பெரிய ஆச்சிக்கு டிஸ்சார்ஜ் சீட்டு போட்டாச்சு. நாலு மணிக்கு வீட்டுக்கு வாராக. வாதம் வந்த வலது கை, கால் இன்னும் வரல. மூக்குக் குழாய், மூத்திரப் பை ரெண்டோடயும்தான் அனுப்புதாங்க.

ஈபி அண்ணாச்சி: சரி

மீனாட்சி சித்தி: கட்டில்?

செண்பகம் மைனி: கயித்துக் கட்டில்தான் இருக்கு

சரசு சிஸ்டர்: வேண்டாம் மைனி. கயிறு நடுவுல குழிஞ்சி மொத்த பாரமும் புட்டத்து எலும்புல இறங்கும். அங்கதான் முதல்ல புண்ணு வரும். பலகைக் கட்டில், மேல சாதா மெத்தை, அதுக்கு மேல காத்து மெத்தை. ஒரே ஒரு பருத்தி விரிப்பு போதும், இழுத்துச் செருக வேண்டாம். ரெக்சின், மடிச்ச போர்வை எல்லாம் போட்டா காத்து மெத்தை போட்டதுக்குப் பலனே இல்லாமப் போயிரும்.

ஈபி அண்ணாச்சி: எங்க வீட்டுப் பலகைக் கட்டில் தாரேன். தூக்க ஆள் வேணும்.

மீனாட்சி சித்தி: காத்து மெத்தை நம்ம குழுவோடது எங்க வீட்ல இருக்கு. பம்ப் இல்ல.

செண்பகம் மைனி: பம்ப் வடக்கு வீட்ல

மீனாட்சி சித்தி: போச்சு

செண்பகம் மைனி: ஆச்சிக்குக் கொழுந்தன்தானே அவரு. சுவர் பிரச்சினை இதுலயுமா?

ஈபி அண்ணாச்சி: ஹெச்செம் சார் போனா குடுப்பாரு. சார்கிட்ட படிச்சவருதான்.

ஹெச்செம் சார்: போறேன். சுவரைப் பத்திப் பேச மாட்டேன், பம்ப் மட்டும் கேப்பேன்.

மீனாட்சி சித்தி: ரெண்டு ரப்பர் குழாயும் சேத்து வாங்குங்க சார்

காலை 11:05

சரசு சிஸ்டர்: பம்ப் வந்ததும் கால்மாட்டுல மாட்டணும், குழாய் மடங்கக் கூடாது. முழுசா உப்ப அரை மணி நேரம் ஆகும், அதனால மூணு மணிக்கே போட்டு விட்ருங்க. ஆச்சியைப் படுக்க வச்ச பிறகு காத்து மெத்தைக்கு அடியில, புட்டத்துக்கு நேரா கைய விட்டுப் பாருங்க. எலும்பு கையில தட்டினா காத்து பத்தல. கட்டில் பக்கம் ஊக்கு, ஊசி எதுவும் வரக் கூடாது.

மீனாட்சி சித்தி: மெத்தை இருந்தா திருப்ப வேண்டாம்லா?

சரசு சிஸ்டர்: அப்படி நினைச்சுத்தான் எல்லா வீட்லயும் முதல் வாரத்துலயே புண்ணு வருது. மெத்தை இருந்தாலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பணும். இடது பக்கம், நேரா, வலது பக்கம். முழுசா ஒருக்களிக்க வேண்டாம், முதுகுக்குப் பின்னால தலையணை குடுத்து லேசா சாய்ச்சாப் போதும். முட்டி ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு. கெண்டைக்கால் அடியில ஒண்ணு, குதிகால் எதுலயும் படாம நிக்கணும். இழுக்கக் கூடாது, தோல் வழண்டுரும். அடியில குறுக்குத் துணி போட்டு ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தூக்கி நகத்தணும். வலது கையப் பிடிச்சு இழுத்துராதீங்க, வாதம் வந்த தோள் சீக்கிரம் நழுவிரும்.

சிவப்பு தெரிஞ்சா விரலால அமுக்கிப் பாருங்க. வெளுத்து வந்தா அந்தப் பக்கம் படுக்க விடாம இருந்தாப் போதும். வெளுக்காம சிவப்பாவே நின்னா எங்கிட்ட சொல்லுங்க. அதுல எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டாம், அடியில காத்து வளையம் வைக்கவும் வேண்டாம்.

செண்பகம் மைனி: 🙏

ஈபி அண்ணாச்சி: சனிக்கிழமை தேரு. மறந்துறாதீங்க.

மீனாட்சி சித்தி: எங்க வீட்ல அன்னைக்கு பத்து பேரு விருந்தாளி

செண்பகம் மைனி: நாத்தனாரும் வாராளா?

மீனாட்சி சித்தி: அதை ஏன் கேக்கிய

ஈபி அண்ணாச்சி: நான் சொல்ல வந்தது வேற. தேர் வரும்போது ரத வீதியில லைனை நிப்பாட்டுவாங்க, நம்ம தெருவுக்கும் கரண்ட் போகும். பம்ப் நின்னுரும். வண்டியும் உள்ள வராது.

சரசு சிஸ்டர்: நல்லவேளை சொன்னீங்க அண்ணாச்சி. காத்து இறங்கினாலும் அடியில சாதா மெத்தை இருக்கதால பலகை அழுத்தாது. ஆனா கரண்ட் இல்லாத நேரம் ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பணும். யாரு வீட்ல இன்வெர்ட்டர்?

ஈபி அண்ணாச்சி: பக்கத்துல வடக்கு வீட்லதான்

செண்பகம் மைனி: திரும்பவும் அங்கயா

ஹெச்செம் சார்: பம்ப் கேக்கும்போது இதையும் கேட்டுப் பாக்கேன்.

மதியம் 12:30

சரசு சிஸ்டர்: மூக்குக் குழாய்தான் ரொம்பக் கவனம். திருப்புறது, துடைக்கிறது எல்லாம் கஞ்சிக்கு முன்னாடியே முடிச்சிரணும், பிறகு அசைச்சா வாந்தி வந்து நெஞ்சுல ஏறும். மூக்கு கிட்ட குழாய்ல பேனாவால ஒரு கோடு போடுங்க, ஒவ்வொரு தடவையும் அது அதே இடத்துல இருக்கான்னு பாத்துட்டுத்தான் ஊத்தணும். கழுத்துக்கு மட்டும் தலையணை வைக்காம இடுப்புல இருந்து சாய்ச்சு உக்கார வைங்க. முதல்ல 30 மில்லி காய்ச்சி ஆறின தண்ணி. பிறகு துணியில வடிகட்டின கஞ்சி, சீட்டுல உள்ளபடி 200 மில்லி. சிரிஞ்சுல ஊத்தி உயரமாப் பிடிங்க, தானா இறங்கணும், அமுக்கக் கூடாது. கடைசியில திரும்ப 30 தண்ணி, இல்லாட்டி குழாய் அடைச்சிரும். ஒரு மணி நேரம் அப்படியே சாஞ்சு இருக்கட்டும். இருமல், மூச்சிரைப்பு வந்தா உடனே நிப்பாட்டிருங்க.

பேச்சி பெரியம்மா: வாயில ரெண்டு சொட்டு காப்பி குடுக்கலாமா? ஆச்சிக்கு காப்பின்னா உயிரு

சரசு சிஸ்டர்: வேண்டாம் பெரியம்மா. விழுங்க வருதான்னு டாக்டர் பாத்துச் சொல்லட்டும். ஈரத்துணியால வாயைத் துடைச்சு விடுங்க, அது சுகமா இருக்கும்.

பேச்சி பெரியம்மா: அதை நான் செய்வேன்

சரசு சிஸ்டர்: குழாய் உருவிட்டா யாரும் திரும்பச் சொருகக் கூடாது. மூத்திரப் பை இடுப்புக்குக் கீழ தொங்கணும், தரையில படக் கூடாது. நாலு மணி நேரமா மூத்திரம் இறங்கலைன்னா முதல்ல குழாய் மடங்கியிருக்கான்னு பாருங்க. இல்லன்னா போன். குழாய் மாத்துறது எல்லாம் மக்களைத் தேடி மருத்துவம் நர்ஸம்மா வேலை. வெள்ளிக்கிழமையே வந்து பாக்கச் சொல்லணும், சனிக்கிழமை வர முடியாது.

செண்பகம் மைனி: நான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சொல்லுதேன்

மதியம் 1:15

ஹெச்செம் சார்: பம்ப் வாங்கியாச்சு, ரெண்டு குழாயும் இருக்கு. இன்வெர்ட்டருக்கு "பாப்போம்"ன்னாரு.

மீனாட்சி சித்தி: அதுவே பெருசு

ஈபி அண்ணாச்சி: மகன் எப்ப வாரான்?

செண்பகம் மைனி: சனிக்கிழமைன்னு சொன்னான்

மீனாட்சி சித்தி: பொங்கலுக்கும் அப்படித்தான் சொன்னான்

ஹெச்செம் சார்: அது வேண்டாம் இப்ப. ராத்திரிக்கு ஆள் பிரிப்போம். ஆச்சியைப் பாத்துக்கிற சின்ன ஆச்சிக்கு 68 வயசு, ஆஸ்பத்திரியில தரையில படுத்து ஒழுங்கா உறங்கவே இல்ல. அவங்களும் விழுந்தா ரெண்டு கட்டில் ஆயிரும். கோழிக்கோட்டுல 1993-ல வலி நிவாரண சேவை தொடங்கின பிறகு, தெருக்காரங்க வாரம் ரெண்டு மணி நேரம் குடுத்துத்தான் ஊரு ஊரா பரவிச்சு. நாமளும் ரெண்டு ரெண்டு மணியா எடுத்துக்கலாம்.

சரசு சிஸ்டர்: நம்மள்ல முக்காவாசிப் பேரு 65 தாண்டினவங்க. ஒத்தையா யாரும் தூக்கக் கூடாது. முட்டி வலிக்காரங்க கஞ்சி ஊத்துங்க. துடைக்கிறதுக்குப் பொம்பளைங்க மட்டும். போட்டோ எடுத்து இங்க போட வேண்டாம்.

ஈபி அண்ணாச்சி: புதன் ராத்திரி நானும் எங்க வீட்லயும்

செண்பகம் மைனி: வியாழன் நானும் சிஸ்டரும்

ஹெச்செம் சார்: வெள்ளி நாங்க

ஹெச்செம் சார்: சனி?

பேச்சி பெரியம்மா: தேர் எப்ப நிலைக்கு வரும்?

ஈபி அண்ணாச்சி: யாரு கண்டா

மாலை 4:20

செண்பகம் மைனி: வண்டி வந்துட்டு. குறுக்குத் துணியோட நாலு பேரு வாசலுக்கு வாங்க.

மீனாட்சி சித்தி: வாரேன். சனிக்கிழமைக்கு நாத்தனார்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்.