ரோப்லே: சோமாலி ஆண்பிள்ளைப் பெயருக்குப் பொருள் என்ன?

மதியழகி:
சோமாலியா பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் சிறுவனின் பெயர் மூன்று சொல். முதலில் ரோப்லே. அடுத்தது சி, ஏ, பி, டி, ஐ. கடைசியில் எக்ஸ், ஏ, எஸ், ஏ, என். ரோப்லே அரபுப் பெயரா? மற்ற இரண்டையும் எப்படி எழுதுவது? குடும்பப் பெயர் எது?

குமரன்_சொல்:
அரபு இல்லை, அசல் சோமாலிச் சொல். 'ரோப்' என்றால் மழை. '-லே' உடைமையைக் காட்டும் விகுதி. 'துகான்' கடை, 'துகான்லே' கடைக்காரர். ஆக, மழையுடையவன். மழை பெய்யும்போது பிறந்தவனுக்கும், பிறந்து மழையைக் கூட்டிவந்தவனுக்கும் வைப்பார்கள். பக்கத்து ஒரோமோ மொழியிலும் மழைக்கு 'ரோபா'தான். இரண்டும் குஷிட்டிக் மொழிக்குடும்பம்.

இந்தப் பெயரின் கனம் மேய்ச்சல் வாழ்க்கையில் இருக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை 'ஜிலால்' வறட்சி: குளம் குட்டை வற்றும், ஒட்டகத்துக்குப் பால் குறையும். ஏப்ரலில் 'கு' மழை இறங்கினால்தான் புல்லும் பாலும். பிள்ளைக்கு இதைவிட நல்ல பெயர் எது? 'வார்சமே'யும் (நற்செய்தி) இதே மாதிரி மண்ணின் பெயர்தான்.

நிலா_எழுத்து:
சோமாலிக்கு லத்தீன் எழுத்து அதிகாரபூர்வமானது 1972இல். அதில் 'சி' தொண்டையில் பிறக்கும் அரபு 'ஐன்' ஒலிக்கு, 'எக்ஸ்' தொண்டை 'ஹ'வுக்கு. எனவே அப்தி, ஹசன். 'சப்தி', 'க்ஸசன்' என்று எழுதிவிடாதீர்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் 'சி'யை விட்டுவிடும், ரோப்லேயின் இரட்டை 'ஓ'வை ஒன்றாக்கும். 2020 முதல் 2022 வரை சோமாலியப் பிரதமராக இருந்த முகமது உசேன் ரோப்லேயைத் தேடினாலே இரண்டு எழுத்துக்கூட்டலும் கிடைக்கும், இரண்டிலும் தேடுங்கள். இன்னொன்று: 'டி'யும் 'ஹெச்'சும் சேர்ந்து வந்தால் அது நாக்கு மடிக்கும் 'ட'. ஊர்ப்பெயர் டூசமரேப், 'தூசமரேப்' தப்பு.

குமரன்_சொல்:
குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்ற வரிசை. நம் இனிஷியல் பின்னால் வந்தது போல. வெளிநாட்டுப் படிவங்களில் மூன்றாவதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவதால் சிக்கல்: அப்பா 'அப்தி ஹசன் நூர்' என்றால் அவர் 'நூர்', மகன் 'ஹசன்'. ஒரே வீட்டுக்காரர்கள் என்று அதிகாரி நம்பமாட்டார். கல்யாணமானாலும் பெண்கள் பெயரை மாற்றுவதில்லை. கட்டுரையில் பையனை 'ஹசன்' என்று சுருக்கினால் தாத்தாவைக் கூப்பிட்டதாகிவிடும். ரோப்லே என்றே எழுதுங்கள்.

மதியழகி:
நன்றி. அப்படியென்றால் 'மழைநாளில் பிறந்த ரோப்லே' என்று எழுதலாமா?

நிலா_எழுத்து:
மூலத்தில் இருந்தால் மட்டும். முன்னோர் பெயரைப் பேரனுக்கு இடுவதும் உண்டு. அவன் நடு ஜிலாலில் பிறந்திருக்கலாம்.