மூன்று நாளில் தலைவர் உருவாவாரா?

பிரட்டுக்களம்:
ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். மாணவர் தலைமைத்துவப் பயிற்சி முகாமுக்குப் பன்னிரண்டு பேரை அனுப்பும்படி கடிதம் வந்திருக்கிறது. நுவரெலியாவுக்கு மேலே, மூன்று நாள், இரவு தங்கல். ஆசிரியர் அறையில் இரண்டு கட்சி ஆகிவிட்டோம். "பரீட்சை நெருங்குகிறது, இந்தக் கூத்து எதற்கு?" என்பது ஒரு கட்சி. அனுப்பியே ஆக வேண்டும் என்பது நான்.

போன வருடம் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், தமிழில்தான் பேசினார். மாணவர் தலைவனைக் கூப்பிட்டு, "பாடசாலைக்கு என்ன தேவை தம்பி?" என்று கேட்டார். கூரை ஒழுகுகிறது, ஆய்வுகூடத்தில் தண்ணீர் இல்லை, விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இல்லை. எல்லாம் அவனுக்குத் தெரியும். முதல் நாள்தான் என்னிடம் ஒரு பாட்டம் புலம்பியிருந்தான். அவர் முன்னால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, "ஒன்றும் இல்லை சேர்" என்றான். அதை உடைக்க மூன்று நாள் போதாது, ஒப்புக்கொள்கிறேன். எங்காவது தொடங்க வேண்டுமே?

அட்டைக்கடி:
சேர், நான் அப்படி ஒரு முகாமுக்குப் போய் வந்தவன். காலை ஐந்து மணிக்கு விசில். பனியில் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். பிந்தி வந்தால் தோப்புக்கரணம். பயிற்றுநர் சொன்ன முதல் பாடம், தலைவனின் குரல் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பது. எங்கள் குழுவில் யார் அதிகம் கத்தினானோ அவன் தலைவன் ஆனான். பழைய பத்திரிகைத் தாளில் கோபுரம் கட்டும் போட்டி வைத்தார்கள். எல்லோரும் உயரத்துக்கு அடித்துக்கொண்டபோது, வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை கீழே உட்கார்ந்து தாளை இறுக்கிச் சுருட்டி மூன்று கால் செய்து முட்டுக் கொடுத்தாள். கோபுரம் நின்றது அதனால்தான். பரிசு வாங்க மேடை ஏறியது கத்தியவன். மூன்று நாளும் தேநீர் ஊற்றியது பெண்பிள்ளைகள். கடைசியில் எல்லோருக்கும் சான்றிதழ். இன்றுவரை எந்த நேர்முகப் பரீட்சையிலும் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

2011இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளை இராணுவ முகாம்களில் மூன்று வாரம் வைத்துக் கொடுத்ததற்கும் 'தலைமைத்துவப் பயிற்சி' என்றுதான் பெயர். அதோடு அந்தச் சொல்லே எனக்குக் கசந்துவிட்டது. வரிசையில் நிற்கவும் சொன்னதைச் செய்யவும் எங்கள் ஆட்களுக்கு யாரும் பழக்கத் தேவையில்லை. விடியற்காலையில் பிரட்டுக்கு, வேலை பிரித்துக் கொடுக்கும் வரிசையில், நிற்பது எத்தனை தலைமுறைப் பழக்கம்? உங்கள் பெயரையே பாருங்கள் சேர்.

மாத்தளைக்காரன்:
விசில் ஊதியவர் சரியில்லை என்றால் முகாமே கூடாதா? இலங்கையில் சாரணர் இயக்கம் தொடங்கியது கொழும்பில் இல்லை, 1912இல் எங்கள் மாத்தளையில். (பெருமைதான், மன்னியுங்கள்.) அங்கே ஆறு, எட்டுப் பேருக்கு ஓர் அணி. அணித்தலைவனும் கிட்டத்தட்ட அதே வயது. ஒருநாள் எனக்கு விறகுப் பொறுப்பு. மாலையில் மூடி வைக்க மறந்துவிட்டேன், இரவு மழை. காலையில் அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. யாரும் திட்டவில்லை. எட்டுப் பேரும் பாணையும் சீனியையும் தின்றுவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை போதும். அடுத்த நாள் என் ரெயின்கோட் விறகின் மேல் கிடந்தது, நான் நனைந்தேன்.

ஆனால் அது வாராவாரம் கூடும் அணி. பெயர்கூடத் தெரியாத நூறு பேரை பஸ்ஸில் ஏற்றி மூன்று நாளில் தலைவர்களாக இறக்குவேன் என்றால் நானும் நம்ப மாட்டேன்.

பிரட்டுக்களம்:
மாத்தளைத் தம்பி, அணி தொடங்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். எங்களிடம் கணிதத்துக்கே ஆள் இல்லை. கிடைக்காத பலாப்பழத்தைக் காட்டி, கையில் இருக்கிற கொய்யாவை வேண்டாம் என்கிறீர்கள்.

தேயிலைப்பூ:
சேர், காசைப் பற்றி யாரும் பேசவில்லையே? 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அந்த வருடக் கடைசியில் என் தங்கையை ஒரு முகாமுக்குத் தெரிவு செய்தார்கள். கட்டணம் 4000. அம்மாவுக்கு அது மூன்று முழுப்பேர், அதாவது மூன்று நாள் முழுச் சம்பளம். கொழுந்து குறைந்து அரைப்பேர் போட்டால் ஆறு நாள். அப்புறம் சப்பாத்து, ஜர்சி, பை. தங்கை தானாகவே, "எனக்கு விருப்பம் இல்லை அக்கா" என்றாள். விருப்பம் இருந்தது. கடிதத்தைக் கணக்குக் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்ததை நான் பிறகுதான் பார்த்தேன்.

அவளுக்குப் பதிலாகப் போனது டவுனில் கடை வைத்திருப்பவரின் மகன். அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் 'மலையக மாணவர்களுக்கான முகாம்' என்று பேனரில் போட்டிருந்தார்கள்.

முல்லோயா:
மலையகத்தில் தலைமை முகாமில் பிறந்ததாக எனக்குத் தெரியவில்லை. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடியே ஆட்களைச் சேர்த்தார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு தொழிலாளி கோவிந்தன் இறந்தார். அவர்களுக்கு யார் சான்றிதழ் கொடுத்தது?

இன்னொன்று. தோட்டத்தில் 'தலைவர்' என்றால் சங்கத் தலைவர். கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்கள், தலைவர் பெரும்பாலும் ஆண். இதைப் பற்றி ஒரு மணிநேரம் பேசாத முகாம் எனக்கு வேண்டாம்.

பிரட்டுக்களம்:
ஐயா, தியாகிகளை அழைத்து வந்து பதினேழு வயதுப் பிள்ளையின் பஸ்ஸை மறிக்காதீர்கள். என் மாணவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர் வீடு தவிர வேறெங்கும் இரவு தங்கியதில்லை. வேறு பாடசாலைப் பிள்ளையோடு ஒரே மேசையில் சாப்பிட்டு, தெரிந்த சிங்களத்தில் தப்புத்தப்பாகப் பேசி, யாரும் சிரிக்கவில்லை என்று கண்டுகொள்வதே பெரிய விஷயம். நடேசய்யரும் தஞ்சாவூரை விட்டுக் கப்பல் ஏறியவர்தானே?

ஆனால் தேயிலைப்பூ சொன்னது குத்துகிறது. என் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் ஏற்கெனவே மாணவர் தலைவர்கள். மேடையில் பேசத் தெரிந்த பிள்ளைகள்.

அட்டைக்கடி:
அதைத்தான் சொல்ல வந்தேன். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்த இரவு எங்கள் மேல் லயன் வீடுகளுக்குப் பின்னால் மண் இறங்கத் தொடங்கியது. கரண்ட் இல்லை, போன் இல்லை. பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒன்று கானில், அதாவது வடிகாலில், தண்ணீர் திடீரென்று சேறாக வருவதைப் பார்த்துவிட்டு, தகரத்தைத் தட்டிக்கொண்டே காம்பரா காம்பராவாக, வீடு வீடாக ஓடியது. "பள்ளிக்கூடத்துக்குப் போங்க, கோயிலுக்குப் போகாதீங்க, கோயில் பள்ளத்துல இருக்கு" என்று கத்தியது. பெரியவர்கள் வேட்டி, பாய் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை எந்தப் பாடசாலையிலும் எதற்கும் தலைவி இல்லை. உங்கள் கடிதம் அந்தப் பிள்ளையைத் தேடி வருமா?

மாத்தளைக்காரன்:
அப்படியென்றால் அந்தப் பிள்ளைக்கு முதலுதவியும் மண்சரிவு எச்சரிக்கையும் முறையாகச் சொல்லிக் கொடுக்க ஓர் இடம் வேண்டாமா? நீங்களே முகாமுக்குக் காரணம் சொல்கிறீர்கள்.

அட்டைக்கடி:
மண்சரிவைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தால் நானே வந்து கூடாரம் அடிக்கிறேன். பத்திரிகைக் கோபுரம் என்றால் வேண்டாம்.

பிரட்டுக்களம்:
இன்று அதிபரிடம் பேசினேன். ஆறு மாணவர் தலைவர்கள், மற்ற ஆறு பேரை வகுப்புகளில் சீட்டுக் குலுக்கி எடுப்பது. கட்டணத்தைப் பழைய மாணவர்களிடம் கேட்கிறோம். பாதி கிடைத்துவிட்டது, மீதிக்கு இன்னும் வழி தெரியவில்லை. நிகழ்ச்சி நிரலையும் கேட்டு எழுதியிருக்கிறேன். சீட்டில் வந்த ஒரு பெண்பிள்ளை, "நான் எதற்கு சேர், எனக்குப் பேச வராதே" என்றாள். வீட்டில் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

முல்லோயா:
அவள் அம்மாவிடம் நீங்களே போய்க் கேளுங்கள். கடிதம் கொடுத்துவிட்டால் அது கணக்குக் கொப்பிக்குள் போய்விடும்.

அட்டைக்கடி:
நான் இன்னும் எதிர்க்கட்சிதான். இருந்தாலும் சொல்கிறேன்: ஆளுக்கு ஒரு சவர்க்காரக் கட்டி கொடுத்து அனுப்புங்கள். காலில் தடவினால் அட்டை ஏறாது. அப்புறம் தேநீர் யார் ஊற்றுகிறார்கள் என்று முதல் நாளே பாருங்கள்.