கஸ்டமர் லிஸ்ட்டை கிளவுடுக்கு ஏற்றிய கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மதுரை, ஆர்ஓ மெஷின் விற்பனை, சர்வீஸ்

கடை ஆரம்பித்து 11 வருடம் ஆகிறது. ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டவர்கள், மெஷினை வாங்கிவிட்டு ரிப்பேருக்கு மட்டும் கூப்பிடுகிறவர்கள் எல்லாரையும் சேர்த்தால் நாலாயிரம் பெயருக்கு மேல் வரும். டெக்னீஷியன்கள் ஆறு பேர். இரண்டு வருடம் முன்னால் இந்த லிஸ்ட்டை கடை சிஸ்டத்திலிருந்து கிளவுடுக்கு, அதாவது இன்டர்நெட் வழியாகத் திறக்கிற சாஃப்ட்வேருக்கு மாற்றினோம். எந்தக் கம்பெனி சாஃப்ட்வேர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அதையே சுற்றிக்கொண்டிருக்கும்.

புதுசாக எதையாவது செய்யவேண்டும் என்ற ஆசையில் மாற்றவில்லை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு எக்ஸெல் ஃபைல். அது ஒன்றாக இருந்தவரை சிக்கலே இல்லை. கணக்கு பார்க்கும் அக்கா பென்டிரைவில் ஒரு காப்பி வீட்டுக்குக் கொண்டுபோவார். என் லேப்டாப்பில் இன்னொன்று. கொஞ்ச நாளில் ‘ஏஎம்சி புதுசு’, ‘ஏஎம்சி கடைசி’, ‘ஏஎம்சி கடைசி 2’ என்று குட்டி போட்டுவிட்டது. ஒரு வாரம் எஸ்.எஸ். காலனியில் ஒரே வீட்டுக்கு இரண்டு பையன்கள் கார்பன் ஃபில்டர் மாற்றப் போய் நின்றார்கள். அதே வாரம் திருநகர்க்காரர் ஒருவர் கடைக்கே வந்து, “நாலு மாசமா ஒருத்தரும் எட்டிப் பாக்கல, எதுக்கு என்கிட்ட ஏஎம்சி காசு வாங்குனீங்க?” என்றார். அன்றைக்கு முடிவு செய்ததுதான்.

ஒரு வாரத்தில் முடியும் என்றார்கள். இரண்டரை மாதம் ஆனது. அதில் சாஃப்ட்வேர் வேலை நாலைந்து நாள்தான். மிச்சமெல்லாம் எங்கள் ஃபைலுக்குச் சிக்கெடுத்தது.

முதல் அடி எழுத்துருவில். அக்கா முன்பு டிடிபி சென்டரில் வேலை பார்த்தவர். பாமினியில் விறுவிறுவென்று அடிப்பார். எக்ஸெல்லில் பார்த்தால் அழகாக ‘முத்து’ என்று இருக்கும். ஏற்றிப் பார்த்தால் பெரிய கே, சின்ன ஜே, ஒரு அரைப்புள்ளி, பெரிய ஜே. பாமினி, எல்லா சிஸ்டத்துக்கும் பொதுவான யூனிகோடு இல்லை. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்டது, அவ்வளவுதான். முகமூடி இல்லாத இடத்துக்குப் போனால் சாயம் வெளுத்துவிடும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் எங்கள் ஃபைலில் பாதிப் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. மொத்தமாகப் போட்டு மாற்றியதில் ஆங்கிலத்தில் இருந்த ராஜாக்கள் எல்லாம் வாயில் நுழையாத தமிழாக மாறிவிட்டார்கள்.

கடைசியில் அக்காவே வழி கண்டுபிடித்தார். எக்ஸெல்லின் தேடு, மாற்று வசதியில் எழுத்துருவை வைத்தும் தேடலாமாம். பாமினியில் உள்ள செல்லுக்கெல்லாம் மஞ்சள் நிறம் கொடு என்று அதில் சொல்லிவிட்டு, மஞ்சளை மட்டும் ஃபில்டர் செய்து எடுத்து மாற்றினார். இதற்கு ஒரு ‘டேட்டா கன்சல்டன்ட்’ என்னிடம் பதினைந்தாயிரம் கேட்டிருந்தார்.

தேதியில் பட்டது அதைவிட மோசம். நாம் நாள், மாதம் என்று எழுதுகிறோம். அங்கே மாதம், நாள் என்று செட்டிங் இருந்தது. 25/04 என்று இருந்தால் ‘பிழை’ என்று நின்றுவிடும், தெரிந்துவிடும். 03/04 நிற்காது. ஏப்ரல் 3 சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். தேதி 12-க்குள் இருந்த எல்லா ஏஎம்சியும் இப்படிக் கலைந்ததை மூன்று வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். போன் நம்பர் இன்னொரு கூத்து. 91 சேர்த்து 12 இலக்கமாகப் போட்டிருந்ததை எக்ஸெல் 9.19இ+11 என்று சுருக்கிக் காட்டும். அந்தக் கோலத்திலேயே சிஎஸ்வி-யாக (வெறும் எழுத்து ஃபைலாக) சேமித்தால் மிச்ச இலக்கங்கள் நிஜமாகவே போய்விடும். 0452-இல் முன்னால் இருக்கிற பூஜ்யமும் காணாமல் போகும். முதலிலேயே அந்தக் காலத்தை (எக்ஸெல்லின் நெடுவரிசையை) ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள்.

டிடிஎஸ் என்று எங்களிடம் ஒரு காலம் உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு. ஏற்றித் தர வந்த தம்பி அதை வரிப் பிடித்தம் என்று நினைத்து ரூபாய்க் குறி போட்டுவிட்டான். ஒரு மாதம் முழுக்க எங்கள் கஸ்டமர்கள் வீட்டு போர் தண்ணீர் ₹1,450, ₹900 என்று ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் பெயர். அங்கே ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம். நமக்கு எங்கே இருக்கிறது லாஸ்ட் நேம்? தம்பி இனிஷியலை அதில் போட்டான். முதல் சர்வீஸ் நினைவூட்டல் எஸ்எம்எஸ் எண்ணூறு பேருக்குப் போனது: ‘அன்புள்ள எஸ்’, ‘அன்புள்ள மா’, ‘அன்புள்ள கே.வி’. இப்போது முழுப்பெயரையும் இனிஷியலோடு லாஸ்ட் நேமில்தான் போடுகிறோம். முதல் பெயர் காலியாகவே கிடக்கிறது.

குறிப்பு காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ‘இந்த ரிமார்க்ஸ் தேவையில்லை சார், விட்டுடலாம்’ என்றான் தம்பி. அதில் என்ன இருந்தது தெரியுமா? ‘நாய் உண்டு, கேட்டில் நின்று போன் பண்ணு’. ‘மதியம் 2 முதல் 4 போகாதே, நைட் ஷிஃப்ட்காரர்’. ‘மாடி வீட்டு ஓனரிடம் கேட்காமல் மோட்டார் போடாதே’. 11 வருடத்தில் சேர்ந்த வியாபாரமே அதில்தான் இருக்கிறது. சண்டை போட்டு ஏற்ற வைத்தேன்.

ஏற்றியதன் பலனும் உடனே கிடைத்தது. ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டில் டெக்னீஷியன் போனை நீட்டிக் கையெழுத்து கேட்டிருக்கிறான். திரையில் மேலேயே எங்கள் குறிப்பு: ‘கஞ்சன். பேரம் பேசுவார்.’ எழுதியது நான்தான், 2016-இல். அவர் எனக்கு போன் போட்டு, கோபமே இல்லாத குரலில், “தம்பி, நான் கஞ்சனா?” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாற்றியவர்கள், மாற்றப்போகிறவர்கள் உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

சென்னை ஈக்காட்டுத்தாங்கல், லேபிள் பிரின்டிங்

எங்களை மாற்றியது அடையாறு. 2015 டிசம்பர் 1 ராத்திரி தண்ணீர் வந்தபோது கடையில் யாருமில்லை. சிபியூ மேஜைக்கு அடியில். பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க் அதே ரூமில் பீரோவின் கீழ்த்தட்டில். பேக்கப்பை அதே ரூமில் வைப்பது பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவது மாதிரி என்று அப்போது உறைக்கவில்லை. இரண்டையும் வெயிலில் காயவைத்துப் பார்த்தோம், சிரிக்காதீர்கள்.

கிடைத்தது தற்செயலாக. எங்கள் மார்க்கெட்டிங் பையன் செப்டம்பரில் கோவைக்குப் போனபோது பார்ட்டி லிஸ்ட் வேண்டும் என்று கேட்டு ஜிமெயிலில் அனுப்பியிருந்தோம். அந்த ஒரு அட்டாச்மென்ட்தான் கம்பெனியைத் திரும்ப எழுப்பியது. மூன்று மாதத்து ஆர்டர் விவரம் போனது போனதுதான். யார் எவ்வளவு பாக்கி என்று அவர்களையே கேட்டோம். ஒன்றிரண்டு பேரைத் தவிர எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் கிளவுடில் இருந்திருந்தாலும் அந்த நாலைந்து நாள் ஒன்றும் ஆகியிருக்காது. கரன்ட் இல்லை, போன் சிக்னலே இல்லை. இன்றைக்கும் முக்கியமான ஐம்பது பார்ட்டிகளின் நம்பரைப் பிரின்ட் போட்டு, வீட்டில் ஒன்றும் பையில் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

கோவை, பம்ப்செட் டீலர்

எங்களுது ஃபாக்ஸ்புரோங்க, பழைய டேட்டாபேஸ் சாஃப்ட்வேர். டாஸ் ஸ்க்ரீன், கறுப்பில் பச்சை எழுத்து. அப்பா காலத்தில் ஒருத்தர் எழுதிக் கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கே 2015 ஜனவரியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. நம்முடையது அதற்கும் தாத்தா. ஆனாலும் ஓடிக்கொண்டே இருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், இப்போது வாங்கியிருக்கிற கிளவுட் சாஃப்ட்வேரைவிட வேகம். மவுஸே வேண்டாம், நாலு கீ தட்டினால் பில் வந்துவிடும்.

மாற்றும்போது நான் செய்த தப்பு ஒன்று. அதன் டேட்டா இருக்கும் டிபிஎஃப் ஃபைல்களை மட்டும் காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பழைய சிஸ்டத்தை ஆயுதபூஜைக்குக் கடை சுத்தம் செய்கிற வேகத்தில் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டேன். கஸ்டமர் பெயர், மோட்டார் ஹெச்பி, சீரியல் நம்பர், வாங்கிய தேதி எல்லாம் நன்றாக வந்தது. கம்ப்ளெய்ன்ட் ஹிஸ்டரி மட்டும் மொத்தமாகக் காலி. அப்புறம்தான் தெரிந்தது, நீளமாக எழுதும் மெமோ எல்லாம் எஃப்பிடி என்று தனி ஃபைலில் இருக்குமாம். எந்தத் தோட்டத்து போரில் எத்தனை அடியில் பம்ப் இறக்கியிருக்கிறது, எப்போது காயில் போய் ரீவைண்டிங் செய்தோம் எல்லாம் அதில்தான் இருந்தது. இப்போது விவசாயிகளிடமே கேட்கிறோம். “நீங்கதானே இறக்குனீங்க, எங்கிட்ட கேக்குறீங்க?” என்கிறார்கள்.

பழைய சிஸ்டத்தை ஒரு வருடமாவது தூக்கிப் போடாதீங்க. மேலே துணி போட்டு மூடி வையுங்க.

ஈரோடு, பெண்கள் தையலகம்

அண்ணா, எஸ்எம்எஸ் கதையைப் படித்து எங்கள் கடையில் எல்லாரும் சிரித்தோம். என் கதை சிரிப்பு இல்லை.

வெளிநாட்டு சாஃப்ட்வேர் ஒன்றை எடுத்திருந்தேன். மாதா மாதம் டாலரில் கிரெடிட் கார்டிலிருந்து தானாகப் போய்விடும். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி அந்தத் தானியங்கிப் பிடித்தத்துக்குப் புது விதி கொண்டுவந்தது. முன்கூட்டித் தகவல் கொடுத்து, நம் ஒப்புதலைப் பதிவு செய்திருந்தால்தான் பணம் போகும். நமக்கு நல்லதுக்குத்தான். ஆனால் என் பேமென்ட் நின்றுவிட்டது. அவர்கள் எச்சரிக்கை மெயில் அனுப்பியிருக்கிறார்கள். அது போனது, ஆரம்பத்தில் எனக்கு இதையெல்லாம் அமைத்துக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போன பெண்ணின் மெயிலுக்கு. அக்கவுன்ட்டே அவள் பெயரில்தான் இருந்திருக்கிறது. நான் வெறும் யூசர். என் கடையில் நான் யூசர்!

அந்த வருடம் தீபாவளி நவம்பர் 4. அக்டோபர் கடைசியில் ஒரு காலை திறந்து பார்த்தால் பூட்டு. இருநூற்றுச் சொச்சம் பிளவுஸ் அளவு உள்ளே. கழுத்து இறக்கம், கை நீளம், போன தடவை எங்கே பிடித்தது என்பது வரைக்கும். வெளிநாட்டு ஹெல்ப்லைனில் சாட்டில்தான் பேசவேண்டும், அதுவும் அவர்கள் ஊர் பகல் நேரத்தில். அவள் நல்ல பெண். அழைத்ததும் ஓடிவந்து அவளுடைய போனுக்கு வந்த ஓடிபி-யைச் சொன்னாள். மூன்று நாள் கழித்துத் திறந்தது. அந்த மூன்று நாளும் பழைய பிளவுஸைக் கொண்டுவாருங்கள் என்று ஒவ்வொருவரையும் கெஞ்சி அளவெடுத்தோம்.

இப்போது ரூபாயில் பில் போடுகிற, ஜிஎஸ்டி நம்பரோடு இன்வாய்ஸ் தருகிற ஒன்றுக்கு மாறிவிட்டேன். அட்மின் என் மெயில், என் நம்பர். டைலர் அக்கா மட்டும் இன்னமும் அளவுச் சீட்டைத் துணியோடு குண்டூசியில் குத்தித்தான் வைக்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை.

கரூர், பெட்ஷீட் மொத்த வியாபாரம்

நான் ஏறிவிட்டு இறங்கியவன். மொத்தம் 120 பார்ட்டி. எல்லாரும் எனக்கு முகம் தெரிந்தவர்கள். ஆளுக்கு இவ்வளவு என்று மாதவாடகை, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, கணக்கெழுதும் பையனுக்கு டிரெயினிங். எட்டு மாதம் கட்டிவிட்டு டாலி கணக்கு சாஃப்ட்வேருக்கும் நோட்டுக்கும் திரும்பிவிட்டேன். ஒரு லாபம் உண்டு: ஏற்றுவதற்காக ஜிஎஸ்டி நம்பரை வைத்து லிஸ்ட்டைச் சரிபார்த்தபோது, ஒரே பார்ட்டி மூன்று பெயரில் மூன்று பாக்கி வைத்திருந்தது தெரிந்தது.

சேலம், லேப் உபகரணங்கள்

கரூர் அண்ணாச்சி, இறங்கும்போது டேட்டா முழுசாகத் திரும்பி வந்ததா? அடுத்த மாதம் ஏறப்போகிறேன், அதுதான் பயம். மதுரைக்காரரே, குறிப்பு காலத்தை இப்போது என்ன செய்கிறீர்கள்?

கரூர், பெட்ஷீட் மொத்த வியாபாரம்

பெயர், நம்பர் எல்லாம் ஒரே பட்டனில் வந்துவிட்டது. யாரிடம் என்ன பேசினோம் என்ற நோட்ஸ் தனி ஃபைலாக வந்தது. அதில் பெயர் இல்லை, ஒரு நீள ஐடி நம்பர்தான். இரண்டையும் பொருத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. நாம் போட்டிருந்த பில் போட்டோக்களை ஒவ்வொன்றாக இறக்கவேண்டியிருந்தது. வாங்குவதற்கு முன்பே பத்து டம்மி பெயரைப் போட்டு, இறக்கிப் பாருங்கள். ஏற்றிக் காட்டத்தான் எல்லாரும் ஓடிவருவார்கள்.

மதுரை, ஆர்ஓ மெஷின் விற்பனை, சர்வீஸ்

சேலம் தம்பிக்கு: குறிப்பு காலம் இருக்கிறது. நாலாயிரத்தையும் நானும் அக்காவும் ராத்திரி உட்கார்ந்து படித்தோம். நாய், கேட், நேரம் எல்லாம் அப்படியே. ஆளைப் பற்றி எழுதியதை எல்லாம் எடுத்துவிட்டோம். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய், தப்பைத் திருத்து, அழித்துவிடு என்று கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு என்று ஆடிட்டர் சொன்னார். என்னிடம் அதற்கு முன்பே வாத்தியார் கேட்டுவிட்டார்.

அவர் பெயரில் இப்போது இருப்பது: ‘வேலை தொடங்கும் முன் ரேட்டைச் சொல்லிவிடவும்’. பழையதும் இதையேதான் சொல்ல வந்தது. போன பங்குனியில் ஏஎம்சி புதுப்பிக்க நானே போனேன். செக்கை எழுதி வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “எங்க, போனைக் காட்டு” என்றார். காட்டினேன். படித்துவிட்டு நூறு ரூபாய் குறைக்கச் சொன்னார்.