புதுப்பிப்பு: படிப்புக்கும் வேலைக்கும் நடுவே வீடியோ கேம்

விரிவுரைகளுக்கும் பகுதிநேர வேலைக்கும் நடுவே, இணையத்தில் ஐவர் அணிகள் மோதும் டோட்டா 2 விளையாட நேரமில்லை, விட்டுவிடலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். விடவில்லை, ஆட்டத்தைத்தான் மாற்றினேன்.

டோட்டாவில் சிக்கல் மொத்த நேரமன்று, இடையில் எழுந்து செல்ல முடியாமையே: ஓர் ஆட்டம் பெரும்பாலும் 40 நிமிடங்களை விழுங்குவதோடு, அம்மா சாப்பிட அழைத்தாரென்று நடுவில் வெளியேறினால், அணியின் மற்ற நால்வரும் தவிக்க, நம்மையும் தண்டனை பெற்றோருக்கான தாழ்ந்த முன்னுரிமை வரிசையில் தள்ளிவிடுவார்கள். மாறாக, 2016இல் வெளிவந்த ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டில் ஆட்டத்தின் ஒரு நாள் ஏறத்தாழ 14 நிமிடங்களில் முடிந்து, உறங்கப் போனதும் தானாகவே சேமிக்கப்படுகிறது. ஆகவே கொழும்பின் வெள்ளவத்தையில் 100ஆம் இலக்கப் பேருந்து ஏறிப் புறக்கோட்டை சேர்வதற்குள், காலி வீதி நெரிசலின் தயவில், இரண்டு நாள் வேளாண்மை முடிந்துவிடுகிறது (இருக்கை கிடைத்தால்!).

நேரக்கட்டுப்பாட்டுச் செயலி வைக்குமாறு சிலர் கூறியிருந்தீர்கள். வைத்தேன், மூன்றாம் நாளே நானே நீக்கினேன்.

சனி இரவில் மட்டும் பாடசாலை நண்பர்களுடன் ஒரேயொரு டோட்டா ஆட்டம் என்பது ஒப்பந்தம். சென்ற கிழமை அது மூன்றாகியது. திங்கட்கிழமை ஒப்படை தாமதமாகியது.