வடக்குத் தெரு வீடு (குடும்பக் குழு)

பெரியப்பா: ஞாயிறு காலை 8 மணிக்குப் பழைய இரும்புக்காரர் வண்டியோடு வருகிறார். திங்கட்கிழமை வீட்டுச் சாவியை பில்டரிடம் கொடுக்க வேண்டும். யாருக்கு எது வேண்டுமோ இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ராஜி அத்தை: பித்தளை அண்டா?

பெரியப்பா: கோமதி எடுத்துப் போயாச்சு

ராஜி அத்தை: யாரைக் கேட்டு?

பெரியப்பா: தையல் மெஷினும் எடைக்குத்தான். ஒரே துரு.

சேகர் சித்தப்பா: (படம்)

சேகர் சித்தப்பா: அண்ணா, அந்த மெஷினை மட்டும் போட்டுவிடாதீர்கள். நேற்று மீனா என்னை நியூயார்க்கில் இந்தக் கட்டடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். சென்ட்ரல் பார்க் ஓரம், 72ஆம் தெரு முனை. டகோட்டா என்று பேர், 1884இல் திறந்த அடுக்குமாடி. கட்டியவர் எட்வர்ட் கிளார்க், சிங்கர் கம்பெனியில் ஐசக் சிங்கருக்குக் கூட்டாளி. வக்கீலுக்குப் படித்தவர். தையல் மெஷினை மொத்தப் பணம் கொடுத்து வாங்கச் சாதாரணக் குடும்பத்தால் முடியாது என்று பார்த்து, 1856இல் தவணை முறையைக் கொண்டுவந்தவர் அவர்தான். கொஞ்சம் முன்பணம் கட்டு, மெஷினை வீட்டுக்குக் கொண்டு போ, மிச்சத்தை மாதாமாதம் கட்டு. நம் அம்மாவும் அப்படித்தானே வாங்கினாள். ரவிக்கை தைத்த காசைத் தகர டப்பாவில் போட்டுவைத்து, தவணைக்கு முந்தின ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து எண்ணுவாள். ஓரணா குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள்.

குமார்: பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனைச் சுட்ட இடம்தானே இது?

மீனா: ஆமாம், அந்த வாசலில்தான். 1980 டிசம்பர் 8. எதிரே பூங்காவில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது

பெரியப்பா: சாமான் விஷயம் பேசுங்கள்

கார்த்தி: அப்படியானால் ஆச்சி கட்டிய பணத்தில் எழுந்த கட்டடமா சித்தப்பா?

சேகர் சித்தப்பா: இல்லையப்பா. ஆச்சி மெஷின் வாங்கியது 1956இல், கட்டடம் அதற்கு 72 வருடம் மூத்தது. ஆனால் 1961 வரை கிளார்க் குடும்பத்தின் கையில்தான் இருந்தது, குடியிருந்த எல்லாருமே வாடகைக்காரர்கள். அப்புறம்தான் குடியிருப்பவர்களே சேர்ந்து சொந்தக்காரர்களாக இருக்கிற கூட்டுறவாக மாறியது. பாவம், கிளார்க் அது முடிந்ததைப் பார்க்கவில்லை. 1882இலேயே போய்விட்டார். 12 வயதுப் பேரனுக்கு எழுதிவைத்திருந்தார்.

ராஜி அத்தை: பேரனுக்கே எழுதினாரா. இங்கே மகளுக்கு ஒரு ஜன்னல்கூட இல்லை

பெரியப்பா: ராஜி, அந்தப் பேச்சை இங்கே எடுக்காதே

கோமதி சித்தி: அண்டாவை வேண்டுமானால் திருப்பித் தருகிறேன் அக்கா

பெரியப்பா: அப்பா இருந்திருந்தால் பிளாட்டே கட்ட விட்டிருக்க மாட்டார். புறாக்கூண்டு என்பார்.

சேகர் சித்தப்பா: நியூயார்க்கிலும் அந்தக் காலத்தில் அதே நினைப்புதான் அண்ணா. வசதியானவர்கள் தனி வீட்டில் இருப்பார்கள், ஒரே கூரைக்குக் கீழே பல குடும்பம் என்றால் ஏழைகள் இடம் என்று ஒதுங்குவார்கள். கிளார்க் துணிந்து 65 வீடு கட்டினார், ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. நடுவே பெரிய முற்றம், குதிரை வண்டி நேரே உள்ளே போகிற மாதிரி வளைவு வாசல். திறப்பதற்கு முன்பே அத்தனை வீட்டுக்கும் ஆள் வந்துவிட்டது.

ராஜி அத்தை: முற்றமா! நம் பிளானில் முற்றம் உண்டா?

பெரியப்பா: கார் நிறுத்த இடம் உண்டு

ராஜி அத்தை: நான் கேட்டது முற்றம்

கார்த்தி: (படம்) வீட்டில்தான் இருக்கிறேன். சக்கரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன், சுற்றுகிறது! தோல் பெல்ட்தான் அறுந்து தொங்குகிறது. துணியால் துடைத்ததும் தங்க எழுத்தில் பாதி தெரிகிறது. டிராயர் பூட்டியிருக்கிறது, உடைக்கவா?

ராஜி அத்தை: உடைக்காதே

ராஜி அத்தை: சாவி என்னிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அம்மா என் கையில் கொடுத்தாள்

சேகர் சித்தப்பா: அக்கா, மெஷினை நீயே எடுத்துக்கொள். நான் முன்னமே சொல்லியிருக்க வேண்டும்.

ராஜி அத்தை: என் வீட்டில் எங்கே வைப்பேன்? இரண்டு ரூம்

பெரியப்பா: சரி, மெஷின் வண்டியில் ஏறாது. யார் வீட்டுக்கு என்று ஞாயிறு பேசிக்கொள்ளலாம். இப்போதைக்குக் கார்த்தி வீட்டு மாடியில் இருக்கட்டும்.

கார்த்தி: அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்

கோமதி சித்தி: ஞாயிறு சாப்பாடு எத்தனை பேருக்கு?