குடியை விட்டவர்கள் கூடும் கூட்டம் கிளிநொச்சிப் பக்கம் உண்டா?

வட்டக்கச்சி வயல்காரன்:
வணக்கம். எனக்கு 44 வயது. வயலும் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் இருக்கின்றன. கடைசியாகக் குடித்து இன்றோடு 12 நாள். முதல் ஐந்து நாளும் ஆஸ்பத்திரியில் இருந்தேன். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர், "நடுக்கத்துக்கு மருந்து இருக்கிறது. இனி உங்களைப் போல விட்டவர்களோடு போய் இருங்கள்" என்றார். எங்கே என்று கேட்டேன், விசாரித்துப் பாருங்கள் என்றார்.

போவதற்கு மனம் இருக்கிறது. ஆனால் எந்த வாசலில் என் மோட்டார் சைக்கிள் நின்றாலும் பொழுதுபடுவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். அது வேதக்காரரின் செபக் கூட்டம் என்றும் ஒருவர் சொன்னார். நான் சைவம். நாலு பேருக்கு முன்னால் எழும்பிக் கதைக்கவும் எனக்கு வராது. பெரும்போக நெல் வெட்டி முடிகிறது, காசு கைக்கு வரப்போகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓமந்தை மேசன்:
தம்பி, 12 நாள் சின்னக் கணக்கு இல்லை. 2010இல் மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து வந்த பிறகுதான் நான் குடியில் விழுந்தேன். எங்கும் வீட்டுத்திட்ட வேலை, அன்றாடம் கையில் கூலி, பின்னேரம் தவறணை. 2017இல் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தபோதுதான் நிறுத்தினேன்.

நான் போனது ஏ.ஏ. கூட்டம், அதாவது அல்கஹோலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடும் அமைப்பு. முதல் கூட்டத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். அரை மணித்தியாலம் வெளியே சைக்கிள்களோடு நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அடுத்த கிழமைதான் உள்ளே போனேன். ஆறு கதிரை, பிளேன்ரீ, பிஸ்கட். யாரும் பெயர் பதியவில்லை, காசு கேட்கவில்லை. கடைசியில் ஒரு தட்டு வரும், விரும்பினால் போடலாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போதும், ஏ.ஏ.யில் சேர வேறு தகுதி கிடையாது. அன்று நான் வாயே திறக்கவில்லை. "இன்று கேட்கிறேன்" என்றால் அடுத்தவரிடம் போய்விடுவார்கள்.

அங்கே மற்றவர்கள் சொன்னதை நான் எழுதமாட்டேன், அங்கே கேட்டது அங்கேயே நிற்க வேண்டும். என்னுடையதைச் சொல்கிறேன். மனைவியின் தாலிக்கொடியை ஈடு வைத்துக் குடித்தவன் நான். அதை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அந்த அறையில்தான். ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை.

செபக் கூட்டம் இல்லை. கடவுள் என்ற சொல் வரும், ஆனால் அவரவர் விளங்கிக்கொண்ட கடவுள் என்றுதான் வாசிப்பார்கள். அந்த இடத்தில் நான் புதூர் நாகதம்பிரானை நினைத்துக்கொள்வேன்.

ஒவ்வொரு கிழமையும் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. இப்போது போனில்தான். தமிழ்நாட்டில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன, சிலவற்றை சூமில் கேட்கலாம். அவர்கள் நேரமும் எங்கள் நேரமும் ஒன்று என்பதால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கிணற்றடியில் இயர்போனோடு இருந்துவிடுவேன். கமரா போடத் தேவையில்லை, பெயரும் ஒரு எழுத்துப் போதும். ஏ.ஏ.யின் இணையத்தளத்தில் கூட்டங்களைத் தேடலாம். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலும் திரும்பக் கேளும். இரவில் மனம் தாங்காவிட்டால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடும், தமிழிலும் கதைக்கலாம்.

இன்னொன்று. இது தொடங்கியதே இரண்டு பேரோடுதான். 1935இல் நியூயோர்க் பங்குத்தரகர் ஒருவர் வேலையாக அக்ரன் என்ற ஊருக்குப் போனார். போன காரியம் சரிவரவில்லை, ஹோட்டலில் பார் பக்கம் மனம் இழுத்தது. அப்போது அவர் தேடியது இன்னொரு குடிகாரரை. போனில் விசாரித்து விசாரித்து, குடியால் சீரழிந்துகொண்டிருந்த ஒரு சத்திரசிகிச்சை டொக்டரைக் கண்டுபிடித்து மணிக்கணக்காகக் கதைத்தார். அந்த டொக்டர் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஐத்தான் ஏ.ஏ. பிறந்த நாளாகக் கொள்கிறார்கள். இரண்டு மூன்று பேர் குடியை விடவென்று கூடினாலே அது ஒரு குழு. ஓமந்தையில் நான் இருக்கிறேன், வட்டக்கச்சியில் நீர் இருக்கிறீர். நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். உமக்காக மட்டும் கேட்கவில்லை, எனக்கும் ஆள் வேண்டும்.

வாட்டுத் தாதி:
வயல்காரன் அண்ணா ஆஸ்பத்திரியில் இருந்து நிறுத்தியது நல்லது. இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். நாளாந்தம் நிறையக் குடிப்பவர் வீட்டில் திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதன் பிறகு ஆள் தெரியாமல் பிதற்றலாம், உயிருக்கே ஆபத்து. கை நடுங்கி வியர்க்கத் தொடங்கினாலே கூட்டி வாருங்கள். அண்ணா, துண்டில் எழுதிய குளிசைகளை இடையில் விடாதீர்கள், கிளினிக் திகதியையும் தவறவிடாதீர்கள்.

முள்ளியவளை அக்கா:
என்னவர் இன்னும் விடவில்லை. நான்தான் கூட்டத்துக்குப் போகிறேன், போனில். குடிப்பவர்களின் வீட்டாருக்கென்று அல்-அனான் என்று 1951இலேயே தொடங்கியிருக்கிறார்கள். அவரைத் திருத்துவது எப்படி என்று கேட்கத்தான் போனேன். இப்போது இரவில் படலையைப் பார்த்தபடி விழித்திருக்காமல் நித்திரை கொள்கிறேன், பிள்ளைகளோடு கத்துவதும் குறைந்திருக்கிறது. உங்கள் மனைவிக்கும் சொல்லுங்கள் தம்பி. நெல்லுக் காசை இந்த முறை அவரையே வாங்கச் சொல்லுங்கள். ஒரு போகத்துக்கு மட்டுமாவது.

வட்டக்கச்சி வயல்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, போனை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார். நாளைக்கு நெல் ஏற்ற லொறி வருகிறது. காசை அவர்தான் எண்ணி வாங்குவார். மேசன் அண்ணை, லொறி போனதும் உங்களுக்கு எடுக்கிறேன். ஏழு மணி போல இருக்கும், போனைப் பக்கத்தில் வைத்திருங்கள்.