மறு: ரிடார்ட்டுக்குத் தமிழ் – வாலையா, புடமா?

எல்லாருக்கும் வணக்கமுங்க.

வயலுக்கு இடும் கரியை (பயோசார்) வெளியே தீ மூட்டிச் சுடும் மூடிய கலமான ரிடார்ட்டுக்கு வாலை என்று பெயர் வைக்கலாமென ஈரோட்டு நண்பர் எழுதியதைப் படித்தேன். அகராதியும் அவர் பக்கம்தான். ஆனால் வாலையின் வேலை வடிப்பது. ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடிப்பார்கள். அடியில் கிடப்பது கசடு. எங்கள் தோட்டத்துச் சாளையில் நடப்பது நேரெதிர். 200 லிட்டர் டிரம்மில் தேங்காய்த் தொட்டியை (கொட்டாங்குச்சி) நிரப்பி மூடி, வெளியே பருத்திமாரை (காய்ந்த பருத்திச் செடி) போட்டு எரிக்கிறோம். முதலில் வெள்ளைப் புகை, அது ஈரம். அப்புறம் மஞ்சளாகும், குழாய் வழியே அடுப்புக்கே திரும்பி வந்து குப்பென்று பற்றிக்கொள்ளும். அதன்பின் மாரு அதிகம் செலவாகாது. குழாயில் தீ அடங்கினால் வேலை முடிந்தது. (ஆறும் முன்னே திறந்து ஒருமுறை முழுசையும் சாம்பலாக்கியவன் நான்.) உள்ளே தங்குவதுதான் நமக்கு வேண்டியது, எடையில் ஏறக்குறைய கால்பங்கு.

இதற்குப் புடம் இருக்கிறதே. வைத்தியர் அகலில் மருந்தை வைத்து, மேலகல் கவிழ்த்து, சீலைமண் செய்து (மண் பூசிய துணியால் இடுக்கை அடைத்து), சுற்றிலும் வறட்டி அடுக்கிக் கொளுத்துகிறார். நெருப்பு வெளியே, சரக்கு உள்ளே. ஆகவே டிரம் புடக்கலம், கரி புடக்கரி. மண் போட்டு மூடிச் சுடுவது மூட்டக்கரி. அதில் சரக்கிலேயே ஒரு பங்கு விறகாக எரிந்துபோகிறது. 'புடத்தொட்டி' மட்டும் வேண்டாமுங்க, காங்கேயம் பக்கம் தொட்டி என்றால் கொட்டாங்குச்சி.

பயோசாருக்குச் சிலர் சொல்லும் உயிர்க்கரி எனக்கு ஒட்டவில்லை. போனில் சொல்லிப் பாருங்கள், கேட்பவர் கறிக்கடைக்குக் கிளம்பிவிடுவார்.

———

> டிரம் புடக்கலம், கரி புடக்கரி

அண்ணா, புடம் போட்டால் பஸ்பமல்லவா வரும்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று. சீலைமண் என்று படித்துவிட்டு யாராவது டிரம்மையும் முழுக்க அடைத்துவிட்டால்? வெடிக்குமே.

———

என்ன வருமென்பது சரக்கைப் பொறுத்ததுங்க. பவளத்தைப் புடமிட்டால் பஸ்பம், தொட்டியைப் புடமிட்டால் கரி.

இரண்டாவது கேள்வியில் நான் மாட்டிக்கொண்டேன். புகை வெளியேறும் வழி பெயரிலேயே இருக்க வேண்டும். தூம்புப்புடம் என்றால்? குளத்துக்குத் தூம்பு (நீர் வெளியேறும் மதகு) எதற்கென்று விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புடக்கலத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

இன்னொன்று. புடக்கரியை அப்படியே வயலில் கொட்டினால், மண்ணிலுள்ள தழைச்சத்தை அது பிடித்துவைத்துக்கொண்டு பயிர் வெளுத்துப்போகலாம். மாட்டு மூத்திரமோ, மக்கின எருவோ, கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யமோ, எதிலாவது ஊறவைத்துத்தான் நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படி ஊறியதை எருக்கரி என்போம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பயோசார் என்றே சொல்லிவிடுகிறார்கள், அதனால் ஊறாததையும் வாங்கிக் கொட்டிவிட்டுப் பலனில்லை என்கிறவர்களைப் பார்க்கிறேன்.

நம் கலைச்சொல் பட்டியலில் இந்த மூன்றையும் ஏற்றிவிடட்டுங்களா: தூம்புப்புடம், புடக்கரி, எருக்கரி? மரவள்ளிக் குச்சியில் புடம் போட்டவர்கள் யாராவது இருந்தால், எத்தனை நாள் காயவைத்தீர்கள் என்று எழுதுங்கள். எனக்கு வெள்ளைப் புகையே நிற்க மாட்டேனென்கிறது.